அகல லென்ஸில் என் அறை

தோஹா

அன்புள்ள சாய்ராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உத்திரமேரூரில் மழை விட்டதா? உன் இருமல் நின்றதா?

"எம்மாம் பெரிய ரூமு கீது! நாங்களும் வந்துடறோம்" என்று போனில் குதித்தாயே, அப்போது சொல்ல வாய் வரவில்லை. விற்பனைக்கு வரும் ஃபிளாட்டுகளைப் படமெடுக்க முதலாளி அகல லென்ஸ் வாங்கினார். எந்த அறையையும் அது பெரிதாகக் காட்டும். பழகுவதற்காக என் அறையை எட்டுப் படமாக எடுத்து, ஒன்றாக ஒட்டி உனக்கு அனுப்பினேன். யாராவது அசைந்தால் ஒட்டும்போது பாதி ஆளாகத் தெரிவார்கள் என்று, கூடத் தங்கும் ஐந்து பேரையும் வெளியே நிறுத்தியிருந்தேன்.

நீயும் மகளும் கிட்ட நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சாதாரண போன் போதும்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது. மகள் இர்பானா அந்தப் படத்தைப் பார்த்துத் தன் படிப்பு மேஜைக்கென்று பிடித்துவைத்த ஜன்னலோரத்தில்தான் நான் பாய் விரிக்கிறேன். அந்த இடத்தை அவளுக்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்.

ஆசிக்