பூஜ்யம் போட்ட இடங்கள்

ஸ்ஃபாக்ஸ்,
8 அக்டோபர் 2023

அன்புள்ள சிவார்,

போனில் பேசினால் அந்தப் பக்கம் நம் மகள் தஸ்னீம் பிடுங்கிக்கொள்கிறாள். இந்தப் பக்கம் அம்மா காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோடையில் நீ இங்கே வந்தபோது நாம் பேசி முடித்ததை எழுத்தில் வைத்துவிடுகிறேன், பிறகு சண்டை வேண்டாம். ஸ்டுட்கார்ட்டில் உன் கைக்கு என்ன வருகிறது, என்ன செலவாகிறது. இங்கே என் கைக்கு என்ன வருகிறது, என்ன செலவாகிறது. மாதாமாதம் எழுதுவோம். நோன்புப் பெருநாள் வரும்போது எந்த ஊரில் அதிகம் மிஞ்சுகிறதோ, அந்த ஊரில் மூன்று பேரும் வாழ்வோம். பொய் கூடாது, வீம்பும் கூடாது. நீ அப்போது சிரித்தது ஞாபகமிருக்கிறது: "ஸ்ஃபாக்ஸ்காரன் பொண்டாட்டிகூட இருக்கறதா வேண்டாமான்னுகூட கால்குலேட்டரத்தான்டா கேப்பான்!" பிஸர்த் ஊர்ப் பெண்ணைக் கட்டியதற்கு எனக்கு இதுவும் வேண்டும்.

செப்டம்பர் கணக்கு. கையில் வந்தது 2,460 தினார். வாடகை பூஜ்யம், கீழே அப்பா அம்மா, மாடி நம்முடையது. ஆலிவ் எண்ணெய் பூஜ்யம். குஸ்குஸ் பூஜ்யம். மிளகாய் விழுது, காய்ந்த தக்காளி, பூஜ்யம். பெட்ரோல், மின்சாரம், கார் தவணை, காய்கறி, மீன், காபிக்கடை எல்லாம் சேர்த்து 1,450. மிச்சம் 1,010. நூற்றுக்கு நாற்பத்தொன்று!

உன் விழுக்காட்டைச் சொல், பார்ப்போம்.

மகளுக்கு முத்தங்கள்.
உன் மெஹ்ரெஸ்

*

ஸ்டுட்கார்ட்,
22 அக்டோபர்

அன்புள்ள மெஹ்ரெஸ்,

வந்ததும் வராததுமாக விழுக்காடா? சரி, கேள்.

கம்பெனி எனக்குத் தருவதாகச் சொல்லும் சம்பளம் 5,100 யூரோ. கைக்கு வருவது 3,230. நடுவில் 1,870 யூரோ, நான் கண்ணால் பார்க்காமலே, வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று போய்விடுகிறது. முதல் மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது தப்பாகிவிட்டது என்று நினைத்து அலுவலகத்தில் கேட்கப் போனேன். அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: "தப்பு ஒண்ணும் இல்லம்மா. எல்லாருக்கும் இப்பிடித்தான் வலிக்கும்."

குழந்தைக்கு அரசாங்கம் தருவது 250. ஆக 3,480. வாடகை, வீட்டைச் சூடாக்கும் செலவோடு, 1,390. குழந்தைப் பள்ளி 280. சாப்பாடு 520. மின்சாரம், இணையம் 95. ரயில், டிராம் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு 49. அதை வைத்துக்கொண்டு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போகலாம், இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. மற்றவை 416. மிச்சம் 730.

நூற்றுக்கு இருபத்தொன்றுதான். நீ குதிப்பது இங்கே கேட்கிறது. ஆனால் குதித்து முடித்ததும் அந்த 730-ஐ தினாரில் மாற்றிப் பார். நான் மாற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2,445 தினார்.

வாழ்ந்து முடித்து எனக்கு மிஞ்சுவதும், நீ மாதம் முழுக்க உழைத்துக் கைக்கு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்று, மெஹ்ரெஸ். நாம் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பரீட்சையில் நீதான் எனக்கு முன்னால்.

இங்கே ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் பன்னிரண்டு யூரோ. மருந்துபோலச் சொட்டு விட்டுக்கொள்கிறோம்.

சிவார்

*

ஸ்ஃபாக்ஸ்,
19 நவம்பர்

அன்புள்ள சிவார்,

உன் கணக்கை மதிய இடைவேளையில் தண்ணீர் ஆலையில் கூட வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் அனீஸ்தான் வாயைத் திறந்தான்: "மிச்சமே உன் சம்பளமா? அப்ப உன் பொண்டாட்டி உன்ன வேலைக்கு வெச்சுக்கலாமேடா!" அவன் அண்ணன் தோஹாவில் இருக்கிறான். அங்கே வரியே கிடையாதாம். ஆனால் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரியை விடப் பெரிதாம். ஆளாளுக்கு ஒரு நாட்டை மேசைமேல் வைத்தார்கள். பன்னிரண்டு பேரில், எந்த வெளிநாட்டு வேலைக்கும் விண்ணப்பம் போடாதவன் நான் ஒருவன்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினாரில் வாழ்கிறவன் தினாரில்தான் கணக்குப் போட வேண்டும். அக்டோபரிலும் ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒரு பெண்ணுக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் 1,390 யூரோவில் வீடா? அரண்மனையா பிடித்திருக்கிறாய்? நாம் வீம்பு கூடாது என்று பேசினோம்.

உன் மெஹ்ரெஸ்

*

ஸ்டுட்கார்ட்,
10 டிசம்பர்

அன்புள்ள மெஹ்ரெஸ்,

இப்போது தஸ்னீம் நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுவதும் எழுதுகிறேன்.

மாலை வயிற்றுவலி என்று சுருண்டாள். நான் ஓர் எண்ணுக்கு அழைத்தேன். மற்றதெல்லாம் தானாக நடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, குடல்வால் என்றார்கள், விடிவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. எனக்கும் பக்கத்திலேயே ஒரு கட்டில். அறுவை செய்த மருத்துவர் சிரியாக்காரர். "எங்கம்மா குஸ்குஸ் பண்ணினா கத்திரிக்கா போடமாட்டா" என்று தஸ்னீம் மயக்கம் தெளிந்ததும் அவரிடம் உளறினாளாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது பணம் கட்டும் இடம் எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எதுக்குப் பணம்?"

பூஜ்யம், மெஹ்ரெஸ். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சீட்டிலிருந்து காணாமல் போகும் அந்த 1,870 எங்கே போகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பெயர் தெரியாத லட்சக்கணக்கான பேர் என் மகளுக்காகப் பணம் கட்டியிருக்கிறார்கள். நானும் யாருக்கோ கட்டியிருக்கிறேன். எந்தப் பூஜ்யமும் சும்மா வருவதில்லை.

அதனால் கேட்கிறேன். உன் அட்டவணையில் எத்தனை பூஜ்யம்? வாடகை, எண்ணெய், குஸ்குஸ். அதற்கெல்லாம் யார் கட்டுகிறார்கள்? உன் கணக்கில் அத்தை எங்கேயுமே இல்லை. எண்ணெய்க்கு ஒரு விலை போட்டு அனுப்பு. பொய் கூடாது என்று எழுதியது நீதான்.

சிவார்

*

ஸ்ஃபாக்ஸ்,
14 ஜனவரி 2024

அன்புள்ள சிவார்,

எண்ணெய்க்கு விலை போடத்தான் செக்குக்குப் போனேன். மொங்கியை உனக்குத் தெரியும், நம் தோப்பு ஆலிவை ஆட்டித் தருபவர். லிட்டர் என்ன விலை என்றேன். இருபத்திரண்டு தினார் என்றார். ஒரு வருஷத்தில் இவ்வளவு ஏறுமா என்று நான் வாயைப் பிளந்தேன்.

"என்ன தம்பி புதுசா கேக்கறீங்க? போன வாரம்தானே உங்கம்மா பத்து லிட்டர் வாங்கிட்டுப் போனாங்க."

"எங்கம்மாவா? எங்களுக்குத்தான் தோப்பு இருக்கே!"

"தோப்பு இருக்கு, மழ எங்க இருக்கு? மூணு வருஷமா உங்க மரத்துல காக்காவுக்குக்கூடக் காயில்ல."

வீட்டுக்கு வந்து ஜாடியைத் திறந்து பார்த்தேன். அதே பழைய மண் ஜாடி, அதே மூடி, விளிம்புவரை எண்ணெய். மூன்று வருஷமாக இதிலிருந்துதான் மொண்டுகொண்டு போகிறேன். அம்மா சமையலறையில் இருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது?"

"எண்ணெய கடையில வாங்கறேன்னு."

"கல்யாணமான பையன் எண்ணெய விலைக்கு வாங்கித் திங்கறான்னு ஊரு பேசவா? போடா."

"எவ்வளவு ஆச்சு, நான் தந்துடறேன்."

அவ்வளவுதான். கரண்டியை வைத்துவிட்டாள். "நான் உனக்கு அம்மாவா, மளிகைக் கடைக்காரியா?"

குஸ்குஸும் அப்படித்தான். போன கோடையில் கோதுமை ரவை வாங்கிப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உருட்டிக் காயவைத்ததெல்லாம் அப்பாவின் ஓய்வூதியத்தில். அந்த மாதங்களில் அவர் காபிக்கடைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னார். நானும் நம்பினேன்.

இப்போது கணக்கைத் திருத்தி எழுதுகிறேன். மாடியை வெளியாருக்கு விட்டால் 700. எண்ணெய், குஸ்குஸ், நான் தினமும் கீழே போய்ச் சாப்பிடும் மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் குறைத்துப் போட்டாலும் 400. என் 1,010 போய்விட்டது. அதற்கு மேலும் 90 தினார் குறைகிறது. நான் மிச்சம் பிடிக்கவே இல்லை, சிவார். என்னை மிச்சம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். பெரிய குழாய்களில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பது என் தொழில். என் வீட்டுக்குள் இவ்வளவு ஓடியது எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

ஒப்பந்தப்படி நான் தோற்றுவிட்டேன். ஆனால் அந்தப் பூஜ்யங்களைப் போட்டவர்களை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? இதற்குப் பதில் கணக்கில் வரவில்லை.

மெஹ்ரெஸ்

*

ஸ்டுட்கார்ட்,
4 பிப்ரவரி

அன்புள்ள மெஹ்ரெஸ்,

அத்தையின் ஜாடியைப் பற்றிப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வாடகையைப் பற்றி நவம்பரில் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை, நீயும் மறந்துவிட்டாய். இப்போது சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் போதுமான வீடு 1,020-க்கு, இதே தெருவில் இருந்தது. வந்த வாரமே இரண்டையும் பார்த்தேன். பெரியதை எடுத்தேன். மூன்று நாற்காலி வாங்கினேன். ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருக்கிறது, உன் வரைபடங்கள் விரிக்கும் அளவுக்கு.

சின்ன வீட்டை எடுத்திருந்தால் என் மிச்சம் 1,100 ஆகியிருக்கும். முதல் மாதமே நீ வாயைத் திறந்திருக்க முடியாது. ஆனால் அப்படி ஜெயித்து உன்னைக் கூப்பிட எனக்கு மனமில்லை. வீம்பு கூடாது என்று நீ எழுதினாய். இது வீம்பு இல்லை.

இந்தக் கணக்கு இதோடு போதும். வா என்று சொல்ல மாட்டேன். அப்பா அம்மாவைக் கேள். அவர்கள் என்ன சொன்னாலும் உன்மேல் எனக்குக் கோபமில்லை.

உன் சிவார்

*

ஸ்ஃபாக்ஸ்,
26 மே

அன்புள்ள சிவார்,

விசா வந்துவிட்டது. ஜூன் முதல் வாரம் விமானம்.

பிப்ரவரியில் நீ சொன்னபடியே இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். அன்றே விண்ணப்பம் போட்டேன். வருகிறவரை வராததுதான் என்று உன்னிடம் சொல்லவில்லை, திட்டாதே. அப்பாதான் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "போய்ட்டு வா. நீ போனாலாவது உங்கம்மா எண்ணெய் வாங்கறத நிறுத்துவா."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "அந்த ஊர்ல லிட்டர் பன்னெண்டு யூரோன்னு சிவார் எழுதிருந்தாளே, அது நம்ம காசுல எவ்வளவு?" நாற்பது தினார் என்றேன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

மாடிக்கு ஜூலையில் ஓர் ஆசிரியர் தம்பதி வருகிறார்கள். வாடகை 700. மகனிடம் வாங்க மாட்டாள், அவர்களிடம் வாங்கிக்கொள்வாள். ஆனால் நேற்றே கேட்டாள்: "சின்னஞ்சிறுசுங்க. அதுங்களுக்கு எண்ணெய் யாரு குடுப்பா?"

பெட்டியில் பாதி இடம் அம்மாவுடையது. குஸ்குஸ் மூட்டை, மிளகாய் விழுது, தகர டின்னில் பத்து லிட்டர் எண்ணெய். மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறாள். மொங்கியிடம் எப்போது போனாள் என்று தெரியாது. விலை நான் கேட்கவில்லை.

ஜூன் கணக்கு எழுதும்போது வாடகையை மாற்றாதே. 1,390 என்றே இருக்கட்டும். ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்று.

மெஹ்ரெஸ்