கிரிப்டோ காசும் உங்கப்பா கோபமும்

என் செல்லக் கண்ணு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் சைக்கிள் கடையில் நாள் முழுக்கக் குனிந்தே உட்காராதீர்கள் என்றால் யார் கேட்கிறார்கள், உன் பிடிவாதம் பின்னே எங்கிருந்து வந்தது. போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன தடவை வந்தபோது கிரிப்டோ காசும் வாங்கிக்கொள்ளலாம் என்று கல்லாவுக்கு மேலே கியூஆர் கோடு ஒட்டிவிட்டுப் போனாயே, அதைச் சீந்துவாரே இல்லாமல் இருந்தது. போன மாதம் ஒரு பெண் பின்சக்கரம் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பின்னால் குழந்தை சீட்டு. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எங்க நாட்டுல சண்டை, பேங்க் கார்டு வேலை செய்யலை, அண்ணன் அனுப்புற கிரிப்டோதான் இருக்கு, உங்க கடையிலதான் வாங்குவோம்னு ஒட்டியிருக்கு என்றாள். அப்பா முனகிக்கொண்டே சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தார். அவளும் ஸ்கேன் செய்து அனுப்பினாள், அவள் போனில் போய்விட்டது என்று காட்டுகிறது, நம் போனில் ஒன்றுமே வரவில்லை. காத்திருந்து காத்திருந்து உங்கப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. இப்படிப் போனைக் காட்டி ஏமாத்துறவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவள் சண்டை போட்டிருந்தாலும் தேவலை. சைக்கிள் இங்கேயே இருக்கட்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கூப்பிடணும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தே போனாள். எனக்கு மனசே கேட்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, புதுப் போன் வாங்கியபோது நாங்களாகவே வேறு கணக்கு திறந்துவிட்டோம், சுவரில் இருக்கிற கோடு பழைய போன் கணக்குக்கானது. அலமாரியைக் குடைந்து அதை எடுத்து சார்ஜில் போட்டால், அவள் அனுப்பியது சமத்தாக அதில் உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன், முகம் சுண்டிப்போயிற்று. கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் அந்தச் சைக்கிளிலேயே ஏறிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார், முழங்காலாவது ஒன்றாவது. வாசலில் அவளைப் பிடித்து, பிள்ளையைச் சீட்டில் உட்காரவைத்து மணி அடிக்க விட்டுவிட்டு, காசு வந்துடுச்சும்மா, நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் என்றாராம். காசு போயிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க, நீங்க பேசினப்ப என் பிள்ளை பக்கத்துல இல்லையேன்னுதான் நிம்மதி என்றாளாம் அவள். இதை என்னிடம் சொன்ன கையோடு உங்கப்பா சுவரில் இருந்த பழைய கோட்டைக் கிழித்துப் போட்டார்.

இப்போது புதுக் கோடு ஒட்டியாகிவிட்டது. அவள் சொல்லி அவளைப் போல இன்னும் சிலர் வருகிறார்கள். நீ சொன்னபடி வந்த அன்றே பணமாக மாற்றிப் பேங்கில் போட்டுவிடுகிறேன், அதன் விலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. ஆனால் உங்கப்பா போனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, வேலை முடிந்ததும் சைக்கிளை நீட்டி, அது வர்றப்ப வரட்டும், நீங்க கிளம்புங்க என்கிறார். எவனாவது ஏமாற்றத்தான் போகிறான், நீ கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுதி வரும்போது அந்த எண்ணம் போய்விட்டது. நீ ஒன்றும் கேட்காதே. ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ, சும்மாச் சும்மா மாத்திரை விழுங்காதே. நினைத்ததெல்லாம் நடந்து மகராசியாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவிடம் பேசு, சக்கரக் கோணல் எப்படி எடுப்பது என்று கேள், போனை வைக்கவே மாட்டார்.

உன் முகத்தைப் பார்க்க ஏங்கும்
அம்மா