சோடி வீடு

மார்ச் 9, ஞாயிறு

இரவு பஸ் ஓட்டிவிட்டு வந்து ஒன்பது மணிக்குத்தான் கண் மூடினேன். பதினொன்றுக்கு வாசல் மணி. மூன்றாம் இலக்க வீட்டு மயூரா. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. தெருவில் எது நடந்தாலும் கையில் ஃபைலோடு முன்னுக்கு நிற்பாள். பின்னேரம் நெருப்புக் கூட்டமாம், கட்டாயம் வரவேணுமாம்.

போனேன். எங்கள் தெருவின் பின்னால் தேம்ஸ் கழிமுகம் வரைக்கும் புல்லும் நாணலும்தான். போன கோடையில் இரண்டு தரம் எரிந்து, வேலிக்கு நூறு மீட்டர் தள்ளி நின்றது. அடுத்த முறை ஆற்றுக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் உங்களுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று தீயணைப்புக்காரர் படம் போட்டுக் காட்டினார். லண்டனில் காட்டுத்தீ! ஊரில் யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள்.

திட்டம் இதுதான். வேலிக்கு அப்பால் புல்லை வெட்டுவது. பின்வளவுக் கொட்டிலில் பெட்ரோல், காஸ் வைக்காமல் விடுவது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோடி வீடு. நெருப்பென்றால் சோடி வீட்டுக் கதவைத் தட்டி ஆளை வெளியே எடுக்கவேண்டும். அரை நாளுக்கு மேல் எங்காவது போவதென்றால் சோடி வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடவேண்டும். இல்லாத ஆளைத் தேடி யாரும் நெருப்புக்குள் போகக்கூடாதல்லவா. நல்ல யோசனைதான்.

எனது வீடு 21. சோடி 23.

23 அண்ணையின் வீடு.

மார்ச் 10

மயூராவிடம் போய் மாற்றித் தரச்சொன்னேன். அவளுக்கு விஷயம் தெரியாது. "அங்கிள், நீங்கள் ரெண்டு பேரும்தான் தெருக் கடைசி. உங்களுக்கு அங்கால புல்லுத்தான் இருக்கு" என்றாள். புல்லோடு சோடி சேர்த்துவிடு பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

எப்படிச் சொல்வது? இராசரத்தினம் என் கூடப்பிறந்தவர், என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர், பக்கத்து வீடு விலைக்கு வருகிறது வாடா என்று சொல்லி என்னை இங்கே கொண்டுவந்து இருத்தியவர். அவரோடு நான் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. காரணம், அவர் மகள் துஷ்யாவின் கலியாணக் கார்டு தபாலில் வந்தது. முத்திரை ஒட்டி. பக்கத்து வீட்டுக்கு! தெரிந்தவன் அறிந்தவனுக்கெல்லாம் புருசனும் பெண்சாதியுமாகத் தட்டத்தோடு போய்ச் சொன்னவர்கள். சொந்தச் சித்தப்பனுக்குத் தபால்காரன் சொன்னான். என் கமலா உயிரோடு இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பார்களா? பெண்சாதி இல்லாதவன்தானே, இவனுக்கு என்ன மரியாதை என்று நினைத்திருப்பார்கள்.

கலியாணத்துக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, சனி

தெருவே சேர்ந்து புல் வெட்டியது. நான் ஒரு அந்தத்தில், அண்ணை மற்ற அந்தத்தில். பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானம் இருவரும் நடுவில் வந்து முட்டிக்கொண்டோம். என்னைப் பாராமல் மயூராவைப் பார்த்து, "பிள்ளை, அந்தாளிட்டச் சொல்லுங்கோ, முதுகை நிமித்திப்போட்டு வெட்டச் சொல்லி. முந்தியே நாரி நோக்காடு உள்ள ஆள்" என்றார். நான் நாலடி பக்கத்தில்தான் நிற்கிறேன். மயூராவும் பாவம், அதை எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

நரைத்துப்போனார். மூச்சும் வாங்குகிறது.

ஜூன் 1

காலையில் ஒரு மெசேஜ். "நாங்கள் டூட்டிங் போறம். பின்னேரம் ஆறுக்கு வருவம். வீட்டில் ஒருவரும் இல்லை."

பெயர் பதியாத நம்பர். பதியத் தேவையில்லை, அண்ணையின் நம்பர் மனப்பாடம். ஆறு வருடத்தில் முதல் செய்தி! "சரி" என்று எழுதினேன். அழித்தேன். மயூரா சொன்ன விதியைத்தானே செய்கிறார், இதற்கென்ன பதில்? ஆனாலும் முதலில் இறங்கி வந்தவர் அவர்தான். இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 14

இரண்டாவது மெசேஜ். "மோர்டன். துஷ்யா வீடு. இரவு நிப்பம்."

ஜூன் 29

மூன்றாவது. கோவிலுக்காம். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. தெருவில் மழை பெய்து நாலு கிழமை.

ஜூலை 12, சனி. காலை 10.50, ரயில் நிலையம்

விடிய ஷிப்ட் முடித்து வந்தால் அறை அடுப்பு மாதிரி. வால்தம்ஸ்டோவிலிருந்து மகன் கீர்த்தனன் போன் எடுத்தான்: அந்தச் சூட்டுக்குள் படுக்காமல் தன்னுடைய வீட்டுக்கு வரட்டாம், ஆட்டிறைச்சி வாங்கி வைத்திருக்கிறானாம், சமைக்கிறது நானாம். நித்திரைக் கண்ணோடு ஓட்டக்கூடாது என்று காரை வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

மேடையில் நின்று அண்ணைக்கு எழுதினேன். "நான் கீர்த்தனன் வீட்டை போறன்." விரல் அனுப்புகிற இடத்தில் நின்றது. அனுப்பினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார். கார்டு விஷயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே சரியாகிவிடுமா?

அழித்துவிட்டேன். ரயில் வருகிறது.

ஜூலை 13

எழுத ஏலாமல் இருக்கு.

இரண்டு மணி தாண்டிப் போன் அடித்தது. அவர் நம்பர். கறி அடுப்பில். ஆரப்பா, எடுங்கோவன் என்று கீர்த்தனன் சொன்னான். அடிக்கட்டும் எண்டன். சிரிச்சுக்கொண்டு சொன்னன். மூன்று தரம் அடிச்சது. மூன்று தரமும் பாத்துக்கொண்டு நிண்டன். மெசேஜில் இறங்கினவர் இப்ப போனுக்கே வந்திட்டார் என்று எனக்குள்ள ஒரு சந்தோசம், ஒரு புளுகம். சோறும் போட்டுச் சாப்பிட்டன்.

கடவுளே, நான் சாப்பிட்டன்.

மூன்றரைக்குத்தான் தெருக் குழுவில் மயூரா எழுதியதைப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

விடிய நாலேகாலுக்கு அண்ணை போய்விட்டார்.

ஜூலை 16

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மனம் எனக்குச் சாதகமாக மாற்றிவிடும்.

இரண்டு மணிக்குச் சற்று முந்திக் காற்றுத் திரும்பியது. மயூரா விசில் ஊதினாள். திட்டப்படி எல்லாம் நடந்தது. பத்து நிமிடத்தில் தெரு வெறுமை. பதினொரு கொட்டில்களும் வேலியும் எரிந்தன. ஒரு வீடும் எரியவில்லை. திட்டம் நல்ல திட்டம்தான்.

அண்ணை யோகம் அண்ணியை மயூராவின் காரில் ஏற்றிவிட்டு என் கதவுக்கு வந்தார். மணி அடித்து, தட்டி, போன் எடுத்தார். வாசலில் என் கார். நான் இரவு வேலைக்காரன், பின் அறையில் படுப்பேன், படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தால் பின்வளவுக்குப் போனார். அந்நேரம் என் கொட்டில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் அவரை எடுத்தது என் அறை ஜன்னலுக்குக் கீழே.

ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது. சூட்டில் வெடித்தது என்று நினைத்தேன். கல் உள்ளே கட்டிலில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணி என்னைப் பார்த்து அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருக்கலாம். ஒன்று மட்டும் சொன்னா. "வாங்கோ, காருக்கை ஏறுங்கோ எண்டு நான் கத்தினனான் தம்பி. மெசேஜ் வரேல்லை, அப்ப அவன் உள்ளதான் படுத்திருக்கிறான் எண்டிட்டுப் போனவர்."

ஜூலை 23, புதன்

துஷ்யா ஒரே பிள்ளை. மருமகன் கிரியை செய்வான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஐயர் தர்ப்பையோடு நிற்கும்போது அண்ணி என்னைக் காட்டி, "தம்பி செய்யட்டும்" என்றா. மன்னித்தாவா, தண்டித்தாவா, எனக்கு விளங்கவில்லை. துஷ்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தூக்கித் திரிந்த பிள்ளை. கிட்டப் போக எனக்குக் கால் வரவில்லை.

மயானத்தில் தகன அறைப் பட்டனைக் காட்டினார்கள். நெருப்புக்குத் தப்பி ஓடாமல் எனக்காக நின்ற மனிசனை என்னுடைய விரலாலேயே நெருப்புக்குள் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, மோர்டனில். சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபிறகு அண்ணியிடம் அந்தக் கதையை எடுத்தேன். கார்டுக் கதை. கோபமெல்லாம் அதனால்தான் அண்ணி என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன்? நியாயம் கேட்கவா?

அண்ணி கனநேரம் யோசித்தா. "எந்தக் கார்டு?" என்று கேட்டா.

அவவுக்கு நினைவே இல்லை. பெட்டி பெட்டியாக மருமகன் பகுதியார் தபாலில் போட்டவையாம், அதற்குள் என்னுடையதும் போயிருக்கும் என்றா. நீ ஏன் கலியாணத்துக்கு வரவில்லை என்று அவர் சாகும்வரை யோசித்தவராம். ஏதோ தான் சொன்ன சொல்லுத்தான் உன்னைச் சுட்டுவிட்டது என்று, எந்தச் சொல் என்று, படுத்துக்கொண்டு தேடுவாராம்.

கேட்டிருக்கலாமே அண்ணை. ஒரு தரம் வந்து, ஏன்டா வரேல்லை எண்டு கேட்டிருக்கலாமே. நானும் சொல்லியிருக்கலாமே. வேலிக்கு மேலால் சொன்னாலும் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 14

வேலை இல்லை. முழு நாளும் படுத்திருந்தேன். போனை எடுத்து, எடுக்காத அந்த மூன்று அழைப்புகளையும் பார்த்தேன். 2.04. 2.06. 2.07.

அக்டோபர் 5

ஜன்னல் மாற்ற ஆள் வந்தான். பழைய சட்டத்தோடு கல்லையும் குப்பையில் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். வாங்கி என்ன செய்வதென்று தெரியவில்லை.

நவம்பர் 22

அண்ணி 23ஐ வாடகைக்கு விடுகிறா. திரும்பி வந்து இருக்கத் தன்னால் ஏலாதாம். சாமான் ஏற்ற நானும் உதவினேன், வாசலோடு. உள்ளே வாங்கோ என்று அண்ணி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. துஷ்யா ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து மதிலில் வைத்துவிட்டுப் போனாள். ஆறவிட்டுக் குடித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

இந்த வருடத்து நெருப்புக் கூட்டம் நடந்தது. மயூரா என்னைக் கேட்காமலே 23க்குரிய சோடி வீட்டுப் படிவத்தை என் கையில் தந்தாள். போன கிழமை அங்கே குடிவந்தவர்கள் ருமேனியாக்காரர். புருசன் கட்டட வேலை. பெண்ணுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

அரை மணித்தியாலம் என் வாசலுக்குள்ளேயே நின்றேன். பிறகு போய்த் தட்டினேன். பெண்தான் திறந்தாள். திட்டத்தைச் சொன்னேன், புல்லைச் சொன்னேன், மெசேஜ் போடுவதை இரண்டு தரம் சொன்னேன். நம்பரை எழுதித் தந்தாள். அவளுக்கு முன்னாலேயே பெயரோடு பதிந்தேன்.

இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டாள். பஸ் டிப்போவில் யாராவது கேட்டால் யாரோ ஒரு குடும்பம் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன்.

என் அண்ணை என்றேன்.

இப்போது எங்கே என்று கேட்டாள். போன கோடை நெருப்பில் இறந்துவிட்டார் என்றேன். அவள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு நெருப்பு வந்ததா, தங்களுக்கு யாருமே சொல்லவில்லையே என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லை பிள்ளை, இந்த வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அவர் என்னைத் தேடி வந்தவர்" என்று ஆங்கிலத்தில் எப்படியோ சொன்னேன். அவள் கதவை அகலத் திறந்து, உள்ளே வந்து இருங்கள் என்றாள். போய் இருந்தேன்.