நான்கு ஜி.பி.க்கு மேல்

நாள் 212. காலை

காற்று சரி. எரிபொருள் சரி. வியாழனிலிருந்து திரும்பும் இந்தக் கப்பலில் இப்போது நான் மட்டும்தான். துரைப்பாண்டி, கணினிப் பிரிவு. விமானி ஜபருல்லா பாய் போன வாரம் மின்சாரம் தாக்கி விழுந்தார். இறப்பு என்று மருத்துவ இயந்திரம் பதிந்தது. விதிப்படி, செல்கள் கெடாமல் காக்கும் உறைமருந்து ஏற்றிக் குளிர் அறையில் வைத்தேன்.

தலைப்பட்டையைக் கழற்றவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது, பிய்க்க மனசு வரல. மனசுக்குள் பேசுவதைப் பதிகிற கருவி அது. பாயின் பதிவு முழுக்க ஒரே ஃபைல். கீழக்கரையில் இருக்கும் அவர் மனைவி நிஹாரா கேட்டது அதை மட்டும்தான்.

மதியம்

பாயின் பதிவு இருக்கும் ஹார்ட் டிஸ்க் 'இடம் போதவில்லை' என்கிறது. பாதி டிஸ்க் காலி. அபத்தம். ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய ஃபைல் சிஸ்டத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது போல.

மாற்று டிஸ்க் கிடையாது. ஃபார்மேட் செய்தால் பாய் மொத்தமாகப் போய்விடுவார். உள்ளே இருப்பதைத் தொடாமல், இருந்த இடத்திலேயே புது ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முடிந்தது கதை. தரைநிலையத்துக்குச் சொல்லிவிட்டேன்.

மாலை

தரைநிலையத்திலிருந்து எஸ்தர் மேடத்தின் பதில்: "பாண்டி, முதல்ல டிஸ்க் செக் ஓட்டுங்க. அப்புறம் கன்வெர்ட். பாஸ்வேர்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே என்டரைத் தட்டுற ஆளுன்னு பாய் உங்களைச் சொல்லுவார். இன்னிக்கு அது வேண்டாம்."

ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. டிஸ்க் நன்றாக இருந்தால் எதற்கு அந்தச் செய்தி?

நாள் 213. காலை

கன்வெர்ட் பாதி ஓடும்போது விளக்கு மங்கியது. சமையலறை, குளியலறை, ஹீட்டர், எல்லாவற்றையும் அணைத்தேன். குளிர் அறையை மட்டும் தொடவில்லை. அதை நிறுத்தினால் உடல் கெட்டுவிடும். போர்வைக்குள் பல் கிட்டிக்க உட்கார்ந்து சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தது. ஒரு பைட் கூடப் போகவில்லை. எஸ்தர் மேடத்திடம் நிஹாராவுக்குச் சொல்லச் சொன்னேன்.

சற்றுப் பிறகு

நான் ஒரு முட்டாள். பழைய சிஸ்டத்தில் ஒரு ஃபைல் நான்கு ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. முதலாமாண்டுப் பையனுக்குக்கூடத் தெரியும். டிஸ்கில் இடம் இருந்தது, ஃபைலில்தான் இல்லை. பாயின் ஃபைல் அந்த வரம்பில் போய் முட்டி நின்றிருக்கிறது.

இப்போது 4.2. எழுதும்போதே 4.3. பட்டையில் இத்தனை நாள் தேங்கியதெல்லாம் வந்து கொட்டுகிறது.

செத்தவருடைய ஃபைல் எதுக்கு வளருது?

நேரம் பார்க்கவில்லை

ஃபைலைத் திறந்தேன். அப்படியே தருகிறேன்.

"பாண்டி, குளிருதுடா."

"மெஷின் சொன்னா நம்பிடுவியா? ஒரு தடவை கையால தொட்டுப் பாத்திருக்கலாம்ல."

"நிஹாராகிட்ட என்னடா சொல்லி வச்சிருக்க?"

தரைநிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். பதில் வர ஒன்றரை மணி நேரம். காத்திருக்கப் போவதில்லை.

குளிர் அறை வாசல். குரல் பதிவு

கதவு பனியில இறுகிப் போச்சு. கடப்பாரையால நெம்புறேன். கைத்திரையில ஃபைல் ஓடுது. 4.6. புது வரி வந்திருக்கு.

"கதவுல சத்தம். பாண்டிதான். வேற யாரு இப்படி இடிப்பான்."

பாய், நான்தான். வரேன்.

ஒரு விரல் நுழையிற அளவு திறந்திருக்கு. 4.6.

வழுக்குது. கடப்பாரையைத் திரும்பக் குடுத்து நெம்புறேன். 4.6.

நிக்காதீங்க பாய். இப்ப எவ்வளவு வேணும்னாலும் இடம் இருக்கு. எதையாச்சும் நினைங்க. என்னைத் திட்டுங்க.

4.6.

பாய்.

4.6.