பச்சைமுத்து கடைக்குப் போனான்

திண்டிவனம்
12.8.86

அன்புள்ள கோமதிக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு என் நமஸ்காரம். நான் பார்த்துக்கொள்ளும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்கள் இரண்டிலும், விழுப்புரத்திலும் இங்கேயும், எல்லாரும் சௌக்கியம். என் தொப்பையும் சௌக்கியம்.

இங்கே இருக்கும் பச்சைமுத்துவுக்கு முப்பது வயது. தனியாகக் கடைக்குப் போகவேண்டும் என்று மாதக்கணக்கில் கெஞ்சினான். நேற்று சரியென்றேன். வழி தவறிவிட்டால் அப்புறம் அவனை யாரும் வெளியே விடமாட்டார்கள். மனசு கேட்காமல் மரத்துக்கு மரம் ஒளிந்து பின்னாலேயே போனேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கித் திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான். கையைப் பிடித்து இல்லம்வரை இழுத்து வந்தான்.

“சாரு வழி தெரியாம முழிச்சிக்கினு நின்னாரு. நான்தான் கூட்டியாந்தேன்” என்று சமையல்கார அஞ்சம்மாளிடம் ஒப்படைத்தான்.

“ஏன் சார், இந்த உடம்ப ஒரு முருங்கமரம் மறைக்குமா?” என்றாள் அவள். விழுப்புரம் வரைக்கும் சொல்லியும் விட்டாள்.

இனி அவன் தனியாகவே போகலாம். எனக்குத்தான் துணை வேண்டுமாம்.

சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்துவிட்டது. தைக்க இங்கே ஆள் உண்டு, இருந்தாலும் நீ வந்து தைத்தால் நிற்கும். முறுக்கும் கொண்டுவா. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடாதே, உன்னை அழைத்துவரப் பச்சைமுத்து வருவான்.

உன்
சங்கரலிங்கம்