பன்னண்டாம் நம்பர் வேண்டாம்

17 ஜனவரி 1996, புதன்

இன்று கல்லூரி வளாகத்தில் பதினோரு அறைகள் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அளந்தேன். புதிர்ப் போட்டிக்குச் சரியாக ஒரு மாதம். போன வருடம் கேன்டீன் பின்னால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தோற்றோம். பாதிக் காகிதம் காற்றோடு போயிற்று, மீதியைக் காக்கை பார்த்துக்கொண்டது. இரண்டு நாளைக்கும் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஓர் அறை பிடித்துக்கொள்ள வேண்டும். புதிர் அங்கேதான் வரும், விடை அங்கிருந்துதான் போகும். அறை சரியில்லை என்றால் மூளை இருந்தும் பயனில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். வர்ஷினி, கணக்கில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள், மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிறாள். ஷரீஃப், என்னைப் போலவே எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஒப்பந்த வேலை. அறை பிடிப்பது என் பொறுப்பு. "உன் நைனா கைலதானே மச்சி அல்லா சாவியும் கீது" என்கிறான் ஷரீஃப்.

இருக்கிறது. வளாக அலுவலகத்தில் அறை ஒதுக்கீடும் சாவியும் அப்பாவின் வேலை. அதுதான் தொல்லை.

19 ஜனவரி

கெமிஸ்ட்ரி காலரி: பெஞ்செல்லாம் சரிவு, காகிதம் பரப்ப முடியாது. டிராயிங் ஹால்: மேஜை அருமை, மேலே முழுக்கப் புறா. நூலக மாடி: பேசக் கூடாதாம். பேசாமல் எப்படிப் புதிர் போடுவது?

பழைய கட்டடம், தரைத்தளம், 12: இருபத்தாறடிக்குப் பதினெட்டு. கரும்பலகை மூன்று. பிளக் ஆறு, ஐந்து வேலை செய்கிறது. வராந்தாவில் போன். எங்கே ஓடினாலும் நாலு நிமிஷம்.

முடிந்தது. பன்னிரண்டு.

24 ஜனவரி

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். டெஸ்டிங் பிரிவு. சாயங்காலமே ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் பெட்டி வாங்கிவிட்டேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்தேன். பள்ளிக்கூடம் காம்பவுண்டுக்குள். பாலிடெக்னிக் ரோட்டுக்கு அந்தப் பக்கம். வேலை மறுபடி காம்பவுண்டுக்குள். இருபத்துமூன்று வருடத்தில் என் விலாசம் ஒரு தடவைகூட மாறவில்லை.

மே மாதம் அப்பா ரிடையர் ஆகிறார். வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் வளாக அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் வேண்டியதில்லை. பணியாளர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. விண்ணப்பம் என் மேஜைமேல் இருக்கிறது, அப்பாவின் உருண்டைக் கையெழுத்தில் எல்லாம் பூர்த்தியாகி. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. பத்து நாளாக அங்கேயே இருக்கிறது. அவரும் கேட்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

பெயர்கூட எனக்கென்று வைத்ததில்லை. தாத்தா சம்பத். அவர் பிள்ளை எஸ். கஸ்தூரிரங்கன். அவர் பிள்ளை நான், கே. சம்பத். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று அம்மா என்னை அம்பி என்றே கூப்பிடுகிறாள்.

2 பிப்ரவரி

அப்பாவிடம் கேட்டேன். நிரந்தரப் பணியாளர் ஒருவர் கையெழுத்திட்டால்தான் அறை கிடைக்கும். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பன்னண்டாம் நம்பர் வேண்டாம்டா. வேற எது வேணாலும் கேளு, தரேன்."

காரணம் கேட்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் போகும். விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடாததற்குத்தான் இது. வேறென்ன?

9 பிப்ரவரி, வெள்ளி

பதிவுக்குக் கடைசி நாள். அப்பா லீவு, சித்தப்பா ஆத்து விசேஷத்துக்கு மயிலாப்பூர் போயிருந்தார். சாவி கவுன்ட்டரில் ஷாஹுல் ஹமீது பாய் மட்டும். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "தம்பி, கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்று போய்விட்டார். நான் அங்கே வளர்ந்தவன், சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பதிவேட்டில் எழுதினேன். அறை 12; பிப்ரவரி 17, 18 தேதிகள். பணியாளர் எண்: அப்பாவுடையது, மனப்பாடம். கையெழுத்து: இரண்டு எழுத்து. சாவியை எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

17 பிப்ரவரி

இன்றைய முடிவில் இரண்டாம் இடம். அறை அபாரம்.

18 பிப்ரவரி, ஞாயிறு

காலை எட்டே முக்கால். கடைசிப் புதிரின் அறுபத்துநாலு துண்டுகளைத் தரை முழுக்கப் பரப்பியிருந்தோம். வர்ஷினி நடுவில் மண்டியிட்டு எண்களைச் சொல்ல, ஷரீஃப் பலகையில் எழுத, நான் துண்டுகளைத் திருப்ப. இதை முடித்தால் முதலிடம்.

கதவு தட்டினார்கள். வேறு குழு என்று நினைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். மறுபடி தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் வராந்தா நிறைய ஆட்கள், கையில் பரீட்சை அட்டை, ஹால் டிக்கெட். வங்கி வேலைக்கு எழுத்துத் தேர்வு. ஒன்பது மணிக்கு. பன்னிரண்டாம் நம்பர் அறையில்.

"தொறந்துடலாம் சம்பத்" என்றாள் வர்ஷினி.

"பத்தே நிமிஷம்" என்றேன்.

"மச்சி, அவங்களுக்கு அது வேலை. நமக்கு இது இன்னா?" என்றான் ஷரீஃப்.

நான் திறக்கவில்லை. பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே சத்தம் நின்றுபோனது. அதுதான் தாங்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு துண்டும் பொருந்தவில்லை. கடைசியில் வர்ஷினி எழுந்து, துண்டுகளை மிதித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள்.

தேர்வு ஒரு மணி நேரம் தாமதம். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஜனவரியிலேயே அறையை வங்கிக்கு ஒதுக்கியவரே அவர்தான். ஏன்டா சம்பத், நீ கேட்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

20 பிப்ரவரி

விசாரணை. அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "உங்க எண்தான் கஸ்தூரிரங்கன். ஆனா உங்க கையெழுத்து எஸ்.கே. இதுல கே.எஸ்.னு இருக்கே?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கள்ளக் கையெழுத்துப் போடும்போதுகூட என்னுடையதைப் போட்டிருக்கிறேன். முட்டாள்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "என்னுதுதான் சார். அவசரத்துல முன்ன பின்ன மாறிப் போயிடுத்து" என்றார்.

முப்பத்துநாலு வருடமாகப் போடுகிற இரண்டு எழுத்து. அன்று அவர் லீவு என்பதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஷாஹுல் ஹமீது பாய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மூடினேன். அதை எழுதத்தானே இந்த நோட்டு?

அறை ஒதுக்கீட்டில் கவனக்குறைவு என்று எச்சரிக்கை. முதல் எச்சரிக்கை, ரிடையராக மூன்று மாதம் இருக்கும்போது.

வெளியே வந்து மரத்தடியில் செருப்பை மாட்டும்போது அப்பா கேட்டது ஒன்றுதான்: "சாவியத் திருப்பிக் குடுத்துட்டியோ?"

என் பையிலேயே இருந்தது.

21 பிப்ரவரி

அம்மா "அம்பி, சாப்பிட வா" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா கத்தியிருக்கலாம். இல்லை, அந்தத் தாளை நீட்டியிருக்கலாம். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை. கேட்காதவருக்கு எப்படி மறுப்பது?

26 பிப்ரவரி

கையெழுத்துப் போட்டேன். கே. சம்பத். பெங்களூருக்கு, வரவில்லை என்று நாலு வரி எழுதித் தபாலில் போட்டேன்.

அப்பா விண்ணப்பத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார், அவரே எழுதியதை. "தேதி போடல பார்" என்றார். போட்டேன்.

1 ஏப்ரல்

லேபுக்குப் போனேன். திரும்பினேன்.

24 அக்டோபர்

ரங்கநாதன் தெருப் பெட்டியில் அம்மா கொலு பொம்மைகளை அடுக்கிப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

27 ஜனவரி 1997, திங்கள்

புதிர்ப் போட்டிக்கு அறை கேட்டு இன்று முதல் குழு என் சாவி கவுன்ட்டருக்கு வந்தது. சிவில் மூன்றாம் வருடம், கிரீஷ் என்று ஒருவன். கையில் கட்டம் போட்ட தாள், எல்லா அறையின் அளவும் அதில். பழைய கட்டடம் பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.

ஒதுக்கீட்டுத் தாளைப் பார்த்தேன். இந்த வருடமும் அதே ஞாயிறு, அதே வங்கி.

"பன்னண்டாம் நம்பர் வேண்டாம்ப்பா. வேற எது வேணாலும் கேளு."

காரணம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, சரி டிராயிங் ஹால் என்றான். நிரந்தரப் பணியாளர் கையெழுத்து வேண்டுமே, யாரிடம் போவது என்றான்.

பதிவேட்டை என் பக்கம் திருப்பினேன். என் பணியாளர் எண்ணை எழுதினேன். கே.எஸ். என்று போட்டேன்.

சரியாக இருந்தது.

அவன் போகும்போது கூப்பிட்டு அந்தத் தேர்வு விஷயத்தைச் சொன்னேன்.