என் எல்லைக்கு வெளியே பிறந்த பிள்ளை

1963 ஜூலை 8, திங்கள்
வெம்பக்கோட்டை. காற்று. வாயெல்லாம் புழுதி. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோப்பு, குடைக்கு ஒரு கம்பி.

மாரித்தாய் வீட்டு மருமகள் லட்சுமி தாய்வீட்டிலிருந்து வந்துவிட்டாள். தலைப்பிரசவம் மல்லாங்கிணற்றில். பிள்ளைக்கு ஐந்து மாதம். துணியை விலக்கிப் பார்த்தால் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. பிறவிக் கோளாறு.

"அங்கன உள்ள நர்சம்மா அன்னைக்கே பார்த்தாக. புருசன் ஊருக்குப் போயி அங்கன நர்சம்மாகிட்டக் காட்டுன்னாக," என்றாள் லட்சுமி.

இந்த ஊர் நர்ஸ் எனக்கு ஒரு கார்டு போடக் கை வரவில்லையா அந்த அம்மாளுக்கு? அவள் எல்லையில் பிறந்தது, என் எல்லைக்கு வரப்போவது. நடுவில் ஐந்து மாதம் பாழ்.

ஜூலை 11, வியாழன்
மதுரை. பெரிய ஆஸ்பத்திரிக்கு லட்சுமியும் பிள்ளையும் நானும். மாவுக்கட்டு போட்டாயிற்று. வாராவாரம் மாற்ற வேண்டும், நனையக் கூடாது என்றார் டாக்டர். என்னிடம்தான் சொன்னார். நான் லட்சுமியிடம் சொன்னேன்.

சாயங்காலம் அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். கணக்கப்பிள்ளை தலை நிமிரவில்லை. "தீபாவளி ஆர்டர் நர்சம்மா. வாரம் ஒரு நா லீவுன்னா வேற ஆளப் போட்டுருவோம்." பிள்ளை நொண்டினால் நீர் வந்து தூக்குவீரா என்று கத்திவிட்டேன். வியாழன் மட்டும் விடுவதாக முனகினார். தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 15, திங்கள்
பிள்ளை காலில் கட்டு இல்லை.

"எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனேன். நனைஞ்சு கூழாப் போச்சு, பிச்சு எறிஞ்சேன்," என்றாள் மாரித்தாய். அவள் போனதும் லட்சுமியைப் பிடித்துக்கொண்டேன். சொன்னாயா இல்லையா?

"அத்தகிட்ட நான் எப்படிச் சொல்ல? புள்ளைய வளக்கத் தெரியாதாக்கும்னு ஏசுவாக."



ஜூலை 18, வியாழன்
மறுபடி மதுரை. இந்த முறை மாமியாரையும் இழுத்துக்கொண்டு. டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்தே பேசினார். "இவங்ககிட்டச் சொல்லுங்க சார்," என்றேன். கொஞ்சம் திகைத்தார். பிறகு பாதத்தைப் பிடித்துக் காட்டி மாரித்தாயிடமே சொன்னார். பிறந்த வாரமே வந்திருந்தால் கட்டிலேயே திரும்பியிருக்கும். இப்போது திரும்பாவிட்டால் கத்திதான்.

புதுக் கட்டு. பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். மாரித்தாய் பிள்ளையை மடியில் வைத்துக் கட்டின்மேல் முந்தானையைச் சுற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பொறந்த அன்னைக்கு அந்த நர்சம்மா பார்த்தாக. போன வாரம் நீங்க பார்த்தீக, டாக்டர் பார்த்தாக. புள்ளைய நெதம் குளிப்பாட்டுறவ நான். என்கிட்ட யாரு சொன்னீக?"